நடு ரூமுக்கு வெளிச்சம்

எங்கள் ஊர் வீடுகளுக்கு முன்பக்கம் உண்டு, பின்பக்கம் உண்டு, பக்கவாட்டு என்று ஒன்று கிடையாது. பொதட்டூர்பேட்டையில் நெசவாளர் தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு வீட்டுச் சுவர் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுச் சுவர் ஆரம்பிக்கும். பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். முன்னால் திண்ணை, அதையடுத்துத் தறி போட்ட கூடம், அப்புறம் நடு ரூம், சமையல்கட்டு, கடைசியில் புழக்கடை. ரயில் பெட்டி மாதிரி நீளவாக்கில் போகும். சூரியன் வாசலில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், புழக்கடையில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நடு ரூமில் பகல் பதினொரு மணிக்கும் டியூப் லைட் எரியும்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுக்க வரும் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அதற்குள் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று அம்மா சொல்ல ஆரம்பித்ததும் வீட்டில் ஆளாளுக்கு யோசனை. எல்லோர் யோசனையும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது: "ஆஃப் ஒயிட் அடிச்சுடுங்க, ரூம் பளிச்சுனு ஆயிடும்."

ஆகும். ஆனால் எந்த ஆஃப் ஒயிட், எந்தச் சுவரில், எந்த விளக்கின் கீழ் என்பதை யாரும் சொல்வதில்லை. பெயிண்டுக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. வந்த வெளிச்சத்தைத் திருப்பித் தருவது மட்டும்தான் அதன் வேலை. வராத வெளிச்சத்தை எந்தக் கம்பெனி டப்பாவும் தராது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில் சுரண்டல். எங்கள் பெயிண்டர் அண்ணன் நகரி பக்கத்துக்காரர், பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. சுவரைத் தகட்டால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ள பூரா சுண்ணாம்பு. இத்த எடுக்காம மேல பட்டி வச்சா ஒரு மழைக்குத் தாங்காது, பொரிஞ்சு உரிஞ்சு வந்துடும்" என்றார். உண்மைதான். சுண்ணாம்புப் பூச்சு பொடியாக இருக்கும். அதன்மேல் எமல்ஷன் ஒட்டினால், எமல்ஷன் சுவரோடு ஒட்டவில்லை, பொடியோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

சுரண்டச் சுரண்ட வீட்டின் வயது வந்துகொண்டே இருந்தது. மேலே பச்சை. அதற்குக் கீழே ரோஸ் டிஸ்டெம்பர். அதற்கும் கீழே நீலம் தட்டிய சுண்ணாம்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அப்பளம் அப்பளமாக உரிந்து வந்தது. தாத்தா காலத்து வீடு. திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. கடைசி அடுக்குச் சுண்ணாம்பு அதற்கு முன்னால் பூசியது என்று அப்பா சொல்கிறார். மாநிலம் மாறியபோதும் அந்தச் சுவர் வெள்ளையாகத்தான் இருந்திருக்கிறது. பச்சை எல்லாம் பிற்பாடு வந்த நாகரிகம்.

அந்தப் பழைய வெள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே பழவேற்காட்டு ஏரியில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்திருக்கிறார்கள். நீற்றிய சுண்ணாம்பு சுவரில் ஏறியதும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக மாறுகிறது. போகிக்கு முன்னால் வெள்ளையடித்துப் பழகியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அடிக்கும்போது எதுவுமே தெரியாது, தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும். காய்ந்த பிறகுதான் வெளுக்கும். காரணம், சுண்ணாம்புத் துகளும் தண்ணீரும் ஒளியை வளைக்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஈரம் போய், துகள்களுக்கு நடுவில் காற்று புகுந்த பிறகுதான் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. அதில் ஒரு சிட்டிகை நீலம் போடுவது எதற்கு? சுண்ணாம்பில் இருக்கும் லேசான மஞ்சளை நீலம் அடித்துவிடும். கண்ணுக்கு வெள்ளை கூடியதாகத் தோன்றும். உண்மையில் சுவர் திருப்பித் தரும் வெளிச்சம் ஒரு துளி குறைந்திருக்கும். வெள்ளையாகத் தெரிவது ஒன்று, வெளிச்சம் தருவது இன்னொன்று. நம் பாட்டிமார் இந்த இரண்டில் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்றைய டப்பாவில் இருக்கும் வெள்ளை வேறு. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற தூள். சுண்ணாம்பின் ஒளிவிலகல் எண் 1.6 அளவில் இருக்க, இதற்கு 2.7 வரை போகும். அதனால் ஈரத்திலேயே வெளுக்கும், ஓரிரு பூச்சில் கீழே இருப்பதை மறைக்கும். இதன் கதையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். மோனசைட்டில் உள்ள தோரியம் அந்தக் காலத்து வாயு விளக்குகளின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. அதே மணலில் கிடந்த கறுப்பு இல்மனைட்டுக்குப் பிறகுதான் மவுசு வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் இல்மனைட்டிலிருந்து வெள்ளைத் தூள் எடுத்து விற்க ஆரம்பித்தார்கள். திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் டைட்டானியம் கம்பெனி 1946-இல் வந்தது. கன்னங்கரேல் என்ற மணலிலிருந்துதான் இந்த வெள்ளை வருகிறது. நம்பத்தான் முடியவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு பிடிக்காதவர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளலாம், ஆனால் தாண்டாதீர்கள், இதில்தான் விஷயமே இருக்கிறது.

சுவரில் 100 பங்கு ஒளி விழுகிறது என்று வையுங்கள். நல்ல ஆஃப் ஒயிட் அதில் சுமார் 75 பங்கைத் திருப்பும். அந்த 75 எதிர்ச் சுவருக்குப் போய் 56 ஆகத் திரும்பும். அது 42 ஆகும். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் மொத்தம் 400. அடர்ந்த பச்சைச் சுவர் 20 பங்குதான் திருப்பும்: 100, 20, 4, அவ்வளவுதான், மொத்தம் 125. இது ஆறு பக்கமும் ஒரே நிறமாக இருக்கும் கற்பனை அறைக்கான கணக்கு. நிஜ அறையில் தரை உண்டு, கூரை உண்டு. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் என்று ஓர் அறை. கூரை வெள்ளை 80, தரை கறுப்பாக 20, நான்கு சுவரும் பச்சை 20 என்றால் சராசரி 30. அந்த அறையில் ஒளி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகும். சுவரை மட்டும் ஆஃப் ஒயிட்டாக மாற்றினால் சராசரி 67-க்குப் பக்கம், பெருக்கம் மூன்று மடங்கு. பச்சையிலிருந்து ஆஃப் ஒயிட்டுக்குப் போனால் அதே ஜன்னல், அதே பல்பு, வெளிச்சம் இரட்டிப்பு. சரி, சுத்த வெள்ளை 85 அடித்தால்? மூன்றே முக்கால். ஆஃப் ஒயிட்டைவிடக் கால் பங்குதான் கூடுதல். கட்டில், பீரோ, தொங்கும் துணி, சுவர் நிறைய சாமி படம் என்று சாமான்கள் வந்த பிறகு அதுவும் சுருங்கிவிடும். இந்த வித்தியாசத்தைக் கண் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

அதனால்தான் நான் ஆஃப் ஒயிட் கட்சி. சண்டிகரை வடிவமைத்த லெ கார்பூசியே 1925-இல் எல்லோரும் வீட்டுச் சுவர்களைச் சுத்த வெள்ளையாக அடித்துவிட வேண்டும், அதையே சட்டமாக்க வேண்டும் என்ற ரீதியில் எழுதினார். அவர் வீட்டுக் கூடத்தில் விசைத்தறி ஓடியிருக்காது. எங்கள் வீட்டில் ஓடுகிறது. பஞ்சுத் தூசி பறந்து வந்து சுவரில் உட்காரும். ஸ்விட்ச் பக்கத்தில் கைத்தடம் இருக்கும், பாட்டி சாய்ந்து உட்காரும் இடத்தில் எண்ணெய் வட்டம் இருக்கும். சுத்த வெள்ளை இதையெல்லாம் ஊருக்கே சொல்லும். ஆஃப் ஒயிட் கொஞ்சம் பொறுத்துப்போகும். இன்னொரு லாபமும் உண்டு. ஆஃப் ஒயிட்டில் ஒரு பொட்டு மஞ்சளும் கறுப்பும் கலந்திருப்பதால் கீழே இருக்கும் நிறத்தை மறைக்கும் சக்தி அதற்குக் கூடுதல். பழைய பச்சை பல்லிளிக்காது.

கடைக்குப் போனால்தான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. "ஆஃப் ஒயிட் கொடுங்க" என்றால் கடைக்காரர் அட்டைக் கற்றையை விரிக்கிறார். ஐவரி, கிரீம், மோர் நிறம், தேங்காய்ப்பால் நிறம், பிஸ்கட், இன்னும் என்னென்னவோ. எல்லாமே ஆஃப் ஒயிட். அட்டையில் தபால்தலை அளவுக் கட்டத்தைப் பார்த்துவிட்டு நிறம் முடிவு செய்வதுதான் ஊரில் நடக்கும் பாதி வருத்தத்துக்குக் காரணம். அட்டையில் மோராக இருந்தது சுவரில் மாம்பழமாக வந்து நிற்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. மேலே சொன்ன அதே கணக்குதான். கிரீம் நிறம் சிவப்பு ஒளியை 85 பங்கும் நீல ஒளியை 60 பங்கும் திருப்புகிறது என்று வையுங்கள். ஒரு முறை பட்டால் பெரிய வித்தியாசமில்லை. நான்கு சுவர் நடுவில் மூன்று முறை பட்டு எழுந்தால் சிவப்பு 61 மிஞ்சும், நீலம் 22 தான் மிஞ்சும். அறையே மஞ்சள் குளித்த மாதிரி ஆகிவிடும். ஆகவே அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளுத்ததை எடுங்கள். ஒரு படி என்ன, தைரியம் இருந்தால் இரண்டு படி.

நெசவுத் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பாடம் தெரிந்திருக்கும். கோரா நூலைத் தனியாகப் பார்த்தால் வெள்ளைதான். சலவை செய்த நூலை அதன் பக்கத்தில் வைத்த நிமிடம் கோரா பழுப்பாகிவிடும். ஆஃப் ஒயிட் சுவரும் அப்படியே. அதை ஒட்டிப் பளீர் வெள்ளை ஸ்விட்ச் பலகையும் பளீர் வெள்ளைக் கதவுச் சட்டமும் வந்தால், புதுச் சுவர் அழுக்குச் சுவராகத் தெரியும். கூரை வெள்ளையாக இருக்கலாம், தூரத்தில் இருக்கிறது, கண் ஒப்பிடாது. கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு வெள்ளை வேண்டாம்.

விளக்கும் சேர்ந்ததுதான் நிறம். இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப். அதில் நீலம் தூக்கல். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் கலந்த கிரீம் லேசாகப் பச்சை தட்டும், நோயாளி முகம் மாதிரி. 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டால் அதே சுவர் வெண்ணெயாக இருக்கும். டியூப்பை மாற்றப் போவதில்லை என்றால், மஞ்சளும் இல்லாமல் ரோஸும் இல்லாமல் துளி சாம்பல் கலந்த ஆஃப் ஒயிட்டைத் தேடுங்கள். வீட்டிலிருக்கும் டியூப் வெளிச்சத்தில், ராத்திரி எட்டு மணிக்கு, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பாருங்கள். பகலிலும் பாருங்கள். சாம்பிள் டப்பாவுக்கு ஆகும் செலவு முழு அறையைத் திரும்ப அடிக்கும் செலவில் ஒரு மூலைக்கும் வராது.

அப்புறம் தரை. எங்கள் பக்கம் பழைய வீடுகளில் கடப்பாக் கல் அல்லது சிவப்பு ரெட் ஆக்சைடு. கடப்பாக் கல் வந்த வெளிச்சத்தைக் குடித்துவிடும். வாசல் வழியாக நுழையும் வெளிச்சம் முதலில் விழுவது தரையில்தான் என்பதால், நீளமான வீட்டில் தரை கறுப்பாக இருந்தால் சுவருக்கு என்ன அடித்தும் பாதிப் பலன்தான். ரெட் ஆக்சைடு வேறு வேலை செய்யும்: சுவரின் கீழ்ப்பாதிக்கு ஒரு சிவந்த சாயலை ஏற்றிவிடும். ரோஸ் கலந்த ஆஃப் ஒயிட் அங்கே பஞ்சுமிட்டாய் ஆகும். தரையைப் பெயர்த்துப் போட எல்லோரிடமும் காசு இருக்காது. வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு வெளிர்ந்த கோரைப் பாயை விரித்துவிட்டுக் கூரையைப் பாருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், விரித்தும் எடுத்தும் நீங்களே பாருங்கள்.

பளபளப்பு வேண்டுமா என்று பெயிண்டர் கேட்பார். நீளமான அறையில் வெளிச்சம் சுவரை ஒட்டிச் சரிந்து வரும். பளபளப்பான பெயிண்டில் பட்டியின் மேடு பள்ளம் எல்லாம் வரி வரியாகத் தெரியும். மேட் போதும். கை படும் இடத்துக்கு மட்டும் கழுவக்கூடிய ரகம். டெக்ஸ்சர் என்று சொரசொரப்பாக அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தறி ஓடும் வீட்டில் அது பஞ்சுக்குப் போட்ட பரண். எல்லா டப்பாவையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலக்கிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மெஷினில் கலந்த நிறம் டப்பாவுக்கு டப்பா ஒரு மயிரிழை மாறலாம், அந்த மயிரிழை சுவர் நடுவில் கோடாக நிற்கும்.

சுரண்டும்போது ஒரு ஜாக்கிரதை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல், முக்கியமாகக் கதவு ஜன்னலில் இருக்கும் மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமலில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசியாக மூக்கில் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு அது மூளையைத் தொடும் விஷம். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெயிண்டர் அண்ணனுக்கு முகமூடி வாங்கிக் கொடுத்தால் "தேவையில்ல தம்பி" என்பார். தேவை.

வீட்டில் சூடு பற்றியும் கேட்டார்கள். மே மாதம் செய்தியில் வெயில் பட்டியல் வாசிக்கும்போது திருத்தணி பெயர் முன்வரிசையில் வருவது நமக்குப் பழகிப்போனது. உள்ளே ஆஃப் ஒயிட் அடித்தால் வீடு குளிருமா? குளிராது. சூடு மாடித் தளம் வழியாக இறங்குகிறது. உள்சுவரில் வெள்ளை அடித்து அதை நிறுத்த முடியாது. வெள்ளை வேலை செய்ய வேண்டிய இடம் மொட்டைமாடி. அங்கே சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் பெயிண்டோ அடித்தால் கல் சுடுவது குறையும், ராத்திரி ஃபேன் காற்று கொஞ்சம் மனிதத்தனமாக இருக்கும். காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், முதலில் மாடிக்குச் செலவு செய்யுங்கள்.

எங்கள் நடு ரூமுக்கு வெளிச்சம் வருவதற்கென்று ஒரே ஒரு வழி இருக்கிறது. கான்கிரீட் போட்டபோது நடுவில் இரண்டடிச் சதுரம் விட்டு, மேலே கைப்பிடிச் சுவர் எழுப்பிக் கண்ணாடி மூடியிருக்கிறார்கள். அந்தக் குழாயின் உள்பக்கம் சிமெண்ட் நிறத்திலேயே விட்டிருந்தது. சிமெண்ட் பூச்சு கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பும். மேலே நுழைந்த வெளிச்சம் அந்த நான்கு பக்கத்தில் மோதி மோதியே செத்துவிட்டது. இந்த இடத்துக்கு மட்டும் ஆஃப் ஒயிட் வேண்டாம், இருப்பதிலேயே பளீர் வெள்ளை, வெளிச்சுவருக்கான ரகம் அடியுங்கள் என்றேன். "அந்தப் பொந்துக்கா, யாரு பாக்கப் போறாங்க?" என்றார் பெயிண்டர் அண்ணன். யாரும் பார்க்கப் போவதில்லை, அதில் அழுக்கு தெரிந்தாலும் கவலையில்லை, அதனால்தான் அங்கே சுத்த வெள்ளை. அரை லிட்டர்கூட ஆகவில்லை. நான்கு சுவருக்கு அடித்ததில் வந்த மாற்றத்துக்குக் கொஞ்சமும் குறையாத மாற்றம் அந்தப் பொந்தில் வந்தது.

அதற்குமேல் ஒன்று மிச்சமிருந்தது. பக்கத்து வீட்டு மாமா மாடி கட்டியபோது எழுப்பிய சுவர் எங்கள் கண்ணாடிக்கு மேற்கே, பூசாத செங்கல்லாக, பத்தடி உயரத்துக்கு நிற்கிறது. அது வந்ததிலிருந்துதான் நடு ரூம் ரொம்ப மங்கிப்போனது என்பது அம்மாவின் பழைய வருத்தம். சுவரை இடிக்கச் சொல்ல முடியாது. ஆனால் அதே சுவரைப் பூசி வெள்ளை அடித்தால், காலை வெயில் முழுக்க அதில் பட்டு எங்கள் கண்ணாடிக்குள் இறங்கும். மறைத்த சுவரே விளக்காகிவிடும். இதை எப்படிக் கேட்பது? அம்மாதான் போய்க் கேட்டார். நானும் கூடப் போய் நின்றேன்.

"அண்ணா, உங்க மாடிச் சுவரு எங்க பக்கம் பூசாமயே இருக்குது. நாங்களே பூசி வெள்ளை அடிச்சுக்கட்டுமா?"

மாமா தறியை நிறுத்திவிட்டு வந்து மாடியேறிப் பார்த்தார். சந்தேகமாக ஒரு சுற்று நடந்தார். தன் சுவரை இன்னொருவர் இலவசமாகப் பூசித் தருகிறேன் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்.

"அடிச்சுக்கோ தங்கச்சி, எனக்கென்ன. ஆனா ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா இருந்தா நல்லாவா இருக்கும்? தெரு பக்கத்தையும் சேத்து அடிச்சுடுங்க."

தெருப் பக்கம் எங்கள் பக்கத்தைவிட இரண்டு மடங்கு அகலம். அம்மா என்னைப் பார்த்தார், நான் பெயிண்டர் அண்ணனைப் பார்த்தேன், அவர் டப்பாவை எண்ண ஆரம்பித்தார். பேசிப் பேசிக் கடைசியில் பெயிண்ட் எங்களுடையது, தெருப் பக்கத்துக் கூலி மாமாவுடையது, சாரத்துக்கு மூங்கில் பொது என்று முடிவானது. மாமா கிரீம் கலர்தான் வேண்டும் என்கிறார். கிருத்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறோம்.